தரிசு வகுப்பு

என் அக்கா கோகிலவாணி பதினைந்து நாளைக்கு ஒருமுறை சுமங்கலி ஆவாள்.

விடுதிக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வாள். கைப்பையிலிருந்து கவரிங் தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி நெற்றியில் குங்குமம் வைப்பாள். பிறகு மல்லிகைச் சரம். கிளிப்பச்சைச் சேலையை வீட்டிலேயே கட்டியிருப்பாள். எப்போதும் அதே சேலைதான், மாற்றக் கூடாது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லாரிக்கு பாடி கட்டுவது என் தொழில். யார் கட்டியது, பலகை நல்லதா சொத்தையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் மட்டும் ஒன்றும் கண்ணில் ஏறாது.

மச்சான் நந்தகோபால் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார். முட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அட்டைகளின் மேலேயே சரிந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை. ஒரே மகள் தன்யஸ்ரீ அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் விடுதியில் இருந்தாள். பெற்ற மகள் பக்கத்திலேயே இருக்க, பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். மாசி பிறந்துவிட்டது, அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அக்காவுக்கு இந்த வேஷம்.

காரணம் பட்டைப் பரீட்சை.

முன்னெல்லாம் உள்ளூர்க் கல்லூரிக்கு ஒரு தேர்வு, டெல்லிக்கு ஒரு தேர்வு, அமெரிக்காவுக்கு ஒன்று, அங்கே போய்ப் பேசத் தெரியுமா என்று பார்க்க இன்னொன்று. எல்லாவற்றுக்கும் நாமக்கல்லில் பயிற்சி மையம் உண்டு. பிள்ளைகளை அடைத்து வைத்து உருப்போட வைத்து மார்க்கைக் கறந்துவிடுவார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒன்றுகூடி, பயிற்சியே கொடுக்க முடியாத ஒரு தேர்வைக் கொண்டுவந்தன. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் இனி அது ஒன்றுதான். நெற்றியில் ஒரு பட்டையை மாட்டி உட்கார வைப்பார்கள். யாரும் கேள்விப்படாத ஒரு பாடத்தை இயந்திரம் அன்று காலையில்தான் புதிதாக உண்டாக்கும். இல்லாத ஒரு நாடு, இல்லாத ஒரு கணக்கு, இல்லாத ஒரு மிருகத்தின் உடம்பு, எதுவாகவும் இருக்கலாம். அதை மூன்று மணி நேரம் சொல்லித்தரும். பதில் எழுத வேண்டியதில்லை. புதிய விஷயம் உள்ளே இறங்கும்போது மூளை எப்படி விழித்துக்கொள்கிறது என்பதைப் பட்டை அளந்துவிடும். அதுதான் மதிப்பெண்.

இனிமேல் பயிற்சி மையங்களை இழுத்து மூட வேண்டியதுதான் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் ஊரைத் தெரியாதவர்கள்.

தன்யாவைச் சேர்க்கப் போனபோது மச்சானோடு நானும் போயிருந்தேன். பயிற்சி மையத் தாளாளர் வையாபுரி எங்களுக்கு டீ வரவழைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

“தெனமும் பிரியாணி திங்கறவனுக்கு பிரியாணி போட்டா கண்ணு விரியுமுங்களா? பட்டினி கெடந்தவனுக்குப் போடுங்க, விரியும். மூளையும் அப்படித்தானுங்க. ஒன்றரை வருசம் புதுசா எதையுமே காட்டாம வெச்சிருந்தா, பரீட்சை அன்னிக்குப் புதுசக் கண்டதும் பொங்கிட்டு வரும். பட்டையில முள்ளு எகிறும். இதுக்குப் பேருதான் தரிசு வகுப்பு. வயலை ஒரு போகம் சும்மா போட்டு வெக்கறமல்லங்க, அந்த மாதிரி.”

“அப்ப பாடம்?” என்றார் மச்சான்.

“பாடமே கெடையாதுங்க.”

“பாடம் சொல்லித் தராம இருக்கறதுக்கா இவ்வளவு பீசு?”

“சொல்லித் தர்றது யாரு வேணாலும் செய்யலாமுங்க. சொல்லித் தராம இருக்கறதுதான் கஷ்டம். புள்ளைங்க எங்க பாத்தாலும் எதையாச்சும் கத்துக்கிட்டே இருக்குதுங்க.”

மச்சான் சிரித்துவிட்டார். ஆனால் கையெழுத்தும் போட்டார். தன்யாவுக்குக் கடலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை. சிறு வயதில் தூத்துக்குடிக்கு லோடு போனபோது மச்சான் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலைக் காட்டியிருந்தார். அன்று பிடித்த கிறுக்கு. நாமக்கல்லில் பிறந்துவிட்டுக் கடல் படிக்க வேண்டும் என்றால் எங்கே போவது? கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பிடித்து வைத்திருந்தாள். எப்பாடு பட்டாவது அனுப்பி வைக்கிறேன் என்று மச்சான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

விடுதியில் தினமும் ஒரே சாப்பாடு. சனிக்கிழமைதோறும் ஒரே படம். ஜன்னல்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். புத்தகம், பேப்பர், போன் எதுவும் உள்ளே போகாது. மழை வந்தால்கூடச் சத்தம் கேட்காதபடி ஸ்பீக்கரில் ஒரே பாட்டைப் போடுவார்கள். பார்க்க வருகிற பெற்றோர் அதே உடுப்பில் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்த அதே பேச்சைப் பேசிவிட்டுப் போக வேண்டும். யாருக்காவது மூக்குத்தி புதிதாக இருந்தால் வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொள்வார்கள்.

மாசியில் நாங்கள் போன அன்றும் வார்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்யா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“சாப்ட்டியா பாப்பா?”

“சாப்ட்டேன்மா.”

“நல்லாத் தூங்குனியா?”

“தூங்குனேன்மா. அப்பா எங்க?”

“லோடு ஏத்தப் போயிருக்காரு கண்ணு. அடுத்த வாட்டி வருவாரு.”

மச்சான் உயிரோடிருந்தபோதும் இதே பதில்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு லோடு வந்துவிடும், முக்கால்வாசி நாள் வரமாட்டார். அதனால்தான் இந்தப் பொய் இத்தனை நாள் நின்றது. தன்யா தலையாட்டினாள். கண்ணைச் சிமிட்டாமல் தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் கேள்வி கேட்டு என் பட்டறையில் வேலைக்காரர்களைத் துரத்தியடித்த பெண் அது. இப்போது பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். மந்தமாகிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று இவளை இப்படி ஆக்கி வைத்திருக்கிறோம்?

“தன்யா,” என்று வாயைத் திறந்துவிட்டேன்.

அக்காவின் கை மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது. வார்டன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“ஒடம்பப் பாத்துக்க அம்மிணி,” என்று முடித்துக்கொண்டேன். அதற்கு மட்டும்தான் அனுமதி.

திரும்பும்போது வண்டியில் எனக்கும் அக்காவுக்கும் முற்றிவிட்டது.

“இது பாவம் அக்கா. அப்பன் செத்தது தெரியாம ஒரு புள்ள இட்லி தின்னுட்டு உக்காந்திருக்கு.”

“பாவம்னா என்ற தலைமேல விடியட்டும்டா ஈஸ்வரா.”

“நாளைக்கு அவ கேட்டா என்ன சொல்லுவே?”

“அவரு செத்தன்னிக்கு, பொணம் இன்னும் வீட்ல கெடக்குது, வையாபுரி போன் பண்ணாரு. ‘மனசத் தேத்திக்கங்கம்மா, ஒரு வருசத் தரிசு ஒரு சாவுல போயிரும், யோசிச்சு முடிவு பண்ணுங்க’ன்னாரு. நான் யோசிச்சேன். அப்பன நெனச்சு அழறதுக்கு அவளுக்கு ஆயுசு பூரா இருக்குது. பரீட்சை ஒருக்காத்தான. இதுல கோட்ட விட்டுட்டா அவரு ஆசையும் சேந்து போயிரும்.”

“மச்சான் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?”

“இருந்திருந்தா நான் ஏண்டா இப்படிப் பண்றேன்?”

அக்கா தண்ணீர் பாட்டிலில் கைக்குட்டையை நனைத்துக் குங்குமத்தைத் துடைத்தாள். முழுசாகப் போகவில்லை. பூவைப் பிய்த்து ஜன்னல் வழியே எறிந்தாள்.

இப்படியே சித்திரை வந்தது. சேலத்தில் ஒரு கல்லூரியில் தேர்வு. விடுதியிலிருந்து கண்ணாடி மறைத்த பஸ்ஸில் பெண்களை நேராகக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டுவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் பெற்றோர் கூட்டத்தோடு காத்திருந்தோம். ஆளுக்கொரு சுமை. பிரியாணிப் பொட்டலம், புதுத் துணி, புதுப் போன், ஒருவர் நாய்க்குட்டியே கொண்டு வந்திருந்தார். ஒன்றரை வருஷம் மறைத்ததையெல்லாம் ஒரே நாளில் கொட்டிவிடத் துடித்தார்கள்.

அக்கா மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை. கிளிப்பச்சைச் சேலையும் இல்லை. சாதாரண நீலப் புடவை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. “இன்னிக்குச் சொல்லிருவேன்,” என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று என்னிடம் மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒத்துவரவில்லை.

மணி அடித்துப் பெண்கள் வெளியே வந்தார்கள். வெயிலைப் பார்த்துச் சிலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். நாய்க்குட்டியைப் பார்த்த பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி பிரியாணியை ஒரு வாய் வைத்துவிட்டு வாந்தி எடுத்தாள். இந்தக் களேபரத்துக்கு நடுவே தன்யா தனியாக நடந்து வந்தாள். தூரத்திலேயே அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டாள். ஆனால் அவள் நடை தடுமாறவில்லை. பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

“கார்த்திகை தீபத்துக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?”

அக்காவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

“முன்னாடி,” என்றாள்.

“நான் பின்னாடின்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

“யாரு... உனக்கு யாரு பாப்பா சொன்னா?”

“யாரும் சொல்லல. நீதான். நீ எப்பவும் ‘லோடு ஏத்தப் போயிருக்காரு’ன்னு சொல்றப்ப மொகத்தச் சுளிப்பே. இந்த மனுசன் ஞாயித்துக்கெழமை கூட வீடு தங்கறதில்லைன்னு உள்ளுக்குள்ள அப்பாவத் திட்டிட்டேதான் சொல்லுவே. தீபம் முடிஞ்சு வந்த வாரம் அதே வார்த்தையச் சொன்னே. கோவத்தக் காணோம்.”

அக்கா அவளையே பார்த்தாள்.

“மொதல்ல ரெண்டு பேரும் சண்ட போட்டுப் பிரிஞ்சிட்டீங்களோன்னு நெனச்சேன். அப்படின்னா கோவம் எச்சாத்தான இருக்கும், எப்படி இல்லாமப் போகும்? அப்பறம் அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரோன்னு பாத்தேன். இருந்தா மாமா அங்க காவலுக்கு இருப்பாரு. இவரு என்னடான்னா எப்பவும் வாசல்லயே நிக்கறவரு, உள்ள வந்து என்னயப் பாத்துக் கண்ணு கலங்குனாரு. ஒவ்வொரு வாட்டியும் ஒன்னொன்னா இல்லைன்னு ஆச்சு. கடைசியா ஒன்னுதான் மிச்சம் இருந்துச்சு.”

“கேட்டிருக்கலாமே கண்ணு!”

“கேட்டா நீ பொய் சொல்லணும். அதும் அந்தக் குங்குமத்த வெச்சுக்கிட்டு. வேண்டாம்னு விட்டுட்டேன்.”

அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கார்த்திகையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஒப்பாரி அந்த வேப்பமரத்தடியில் வெடித்தது. தன்யா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவளும் அழுதாள். மந்தமாகிவிட்டாள் என்று நான் நினைத்த பெண், பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிடைத்த அந்தச் சில நிமிடங்களை வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்க முடியாமல், தன் அப்பன் செத்துப்போனதைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தன் கணவரிடம், “பாவம், பரீட்சை சரியாப் பண்ணலையாட்ட இருக்குது,” என்றாள்.

மோகனூரில் காவிரிக்கரையில் தன்யாவே உட்கார்ந்து அப்பாவுக்குக் காரியம் செய்தாள். பெண் பிள்ளை செய்யலாமா என்று முணுமுணுத்த பங்காளியை அக்கா பார்த்த பார்வையில் அவர் படித்துறைக்குப் போய்விட்டார்.

முடிவு வந்த அன்று வையாபுரி எங்களை அவசரமாகக் கூப்பிட்டார். போனால் மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. மொத்த வகுப்பும் கவிழ்ந்திருந்தது. உள்ளூர்க் கல்லூரிக்குக்கூடத் தேறாத மதிப்பெண். தன்யா மட்டும் உச்சியில் இருந்தாள். அவள் கேட்டிருந்த கனடாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் அவளிடமே பேச வேண்டும் என்கிறாராம். திரையில் அந்த அம்மாள் வந்தார். பெயர் சிவகௌரி, பூர்வீகம் யாழ்ப்பாணம். பேச்சிலேயே தெரிந்தது.

“தன்யஸ்ரீ நிக்கிறாவோ? ஆ, வணக்கம் பிள்ளை. ஒண்டு கேக்க வேணும் எண்டுதான் எடுத்தனான். உங்கட இடத்துப் பிள்ளையளின்ட பதிவெல்லாம் பார்த்தம். புதுசா ஒண்டும் காட்டாமல் அடைச்சு வைச்சிருக்கினம் எண்டு விளங்கினது.”

வையாபுரி தொண்டையைச் செருமினார். “மூளை பசியோட இருக்கட்டும்னுதானுங்க மேடம்...”

“மூளை பசியோட இருக்காது ஐயா. நித்திரை கொள்ளும். பட்டையை மாட்டினதும் கொஞ்ச நேரம் துள்ளும், பிறகு களைச்சுப் போய்ப் படுத்திடும். உங்கட பிள்ளையள் எல்லாருக்கும் அதுதான் நடந்தது. இந்தப் பிள்ளை மட்டும் கடைசி வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தவ. எல்லாம் ஒரே மாதிரித் தெரியேக்க அதுக்குள்ள எது மாறியிருக்கு எண்டு தேடுற பழக்கம். இப்பிடி ஒண்டை நாங்கள் இதுவரைக்கும் காணேல்லை. இது உமக்கு எங்கேயிருந்து வந்தது?”

தன்யா அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்கப்பா செத்தத எங்கிட்ட மறைச்சு வெச்சிருந்தாங்க மேடம். அதக் கண்டுபிடிச்சுட்டு இருந்தேன்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு வேற கேள்வி இல்லையம்மா. நீர் வாரும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வையாபுரி எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். என்ன இருந்தாலும் மனிதர்தானே, ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா,” என்றார் மெல்ல. “மொத்தம் எத்தன மாசம் மறைச்சீங்க?”

தன்யா ஆவணியில் கனடாவுக்குப் போய்விட்டாள். தினமும் போன் செய்கிறாள். அங்கே கடல் கறுப்பாக இருக்கிறதாம், குளிர் எலும்பைக் கடிக்கிறதாம், பக்கத்து அறைப் பெண் சமைக்கிற மீனுக்கு என்ன பெயர் என்று இன்னும் தெரியவில்லையாம். பழைய கேள்விகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு, புரிகிறதோ இல்லையோ, ம் கொட்டிக்கொண்டிருப்பாள். அவரவர் பிழைப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். வையாபுரி கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் ஒருவர் பட்டறைக்கு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பரமத்திப் பக்கம் என்றார். நாற்காலி போட்டேன்.

“வண்டி எந்த மாடலுங்க?” என்றேன்.

“வண்டி விசயமில்லீங்க. நீங்க தன்யஸ்ரீ பாப்பாவோட தாய்மாமன்தானுங்களே?”

“ஆமாங்க.”

“எம் பொண்ண வையாபுரி சார்கிட்டச் சேத்திருக்கறனுங்க. இந்த வருசம் தரிசெல்லாம் இல்லீங்க. தேடல் வகுப்புன்னு மாத்திட்டாரு. வீட்டுக்கு வீடு எதையாச்சும் ஒன்னப் புள்ளைகிட்ட மறைக்கணுமாமுங்க. அதக் கண்டுபிடிக்கற ஏக்கத்துலயே மூளை கூராயிருமாம்.”

வெல்டிங் சத்தத்தில் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். கையைக் காட்டி வேலையை நிறுத்தச் சொன்னேன். பட்டறை அமைதியானது.

“நாங்களும் மாட்ட வித்ததா மறைச்சுப் பாத்தமுங்க. ஒரே வாரத்துல கண்டுபிடிச்சுட்டா. அவங்க அம்மா நகைய அடகு வெச்சதா மறைச்சோம். அதும் போச்சு. சின்ன விசயமெல்லாம் நிக்காதுங்க, பெருசா ஒன்னு வேணும்னு சார் சொல்லிட்டாரு. உங்கக்கா வீட்ல நடந்தது போல.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எங்க வீட்ல அப்படிச் சாகக் கெடக்கறவங்க யாரும் இல்லீங்க. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சக்கர வியாதி கூடக் கெடையாது. நல்லாத்தான் இருக்காங்க.”

“எந்திரிச்சுப் போங்க,” என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. மகளின் போட்டோவைப் போனில் எடுத்துக் காட்டினார். இரட்டைச் சடை போட்ட பெண், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டராக வேண்டும் என்று ஆசையாம். நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வெகு மரியாதையாகக் கேட்டார்.

“நான் ஒருத்தன் போய்ச் சேந்தாப் பத்துமுங்களா?”